அம்பு எங்கிருந்து கிளம்புது? மனப்பாட வேதியியலுக்கு எதிரா ஒரு த்ரெட்

1/
போன வாரம் நைட் டூட்டி. ராத்திரி பதினொன்றரை இருக்கும். காய்ச்சல் கேஸ் ரெண்டு பார்த்து முடிச்சிட்டு டீ குடிக்க உட்கார்ந்தேன். எங்க ஆஸ்பத்திரியில தூய்மைப் பணி பார்க்கிற அக்காவோட பொண்ணு, நர்சிங் ஸ்டேஷன் ஓரமா உட்கார்ந்து படிச்சுக்கிட்டு இருந்தா. நீட் ரெண்டாவது தடவை எழுதப் போறா. அம்மாவுக்கு நைட்னா, வீட்ல தனியா இருக்க வேண்டாம்னு கூடவே வந்துடுவா.

2/
நோட்டை வாங்கிப் பார்த்தேன். கரிம வேதியியல். எத்தனால்ல இருந்து எத்தீன் வர்ற வினை. முத்து முத்தான கையெழுத்து. ஆனா முதல் அம்பே தலைகீழ். ஹெச் பிளஸ்ல இருந்து கிளம்பி ஆக்சிஜனைத் தொடுது.

"இந்த அம்பு என்னம்மா சொல்லுது?"

"ஹெச் பிளஸ் போய் ஆக்சிஜன்கிட்ட ஒட்டுதுன்னு சொல்லுது மேடம்."

"அம்பு அதையா காட்டும்?"

கொஞ்ச நேரம் யோசிச்சா. அப்புறம் சொன்னா: "மெக்கானிசம் எல்லாம் கேக்க மாட்டாங்க மேடம். எது போடுறோம், எது வருது, அதை மட்டும் மனப்பாடம் பண்ணுங்கன்னு கோச்சிங்ல சொல்லிட்டாங்க."

3/
அந்தக் கோபத்துலதான் இதை எழுதுறேன். கோபம் அந்தப் பொண்ணு மேல இல்ல. "மெக்கானிசம் வேண்டாம், ரியாக்‌ஷன் போதும்"னு ஒரு தலைமுறைக்கே சொல்லிக்கிட்டு இருக்கிற நம்ம பெரியவங்க மேல. அதுல என் மேலயும் கொஞ்சம் இருக்கு, ஏன்னு கீழ சொல்றேன். வேதியியலை பத்தாவதோட விட்டவங்களும் தாராளமா படிக்கலாம். தேவையானதை நானே சொல்லிடுறேன்.

4/
முதல்ல அந்த அம்பு என்னன்னு பார்த்துடுவோம். ஒரு வேதிவினையில பழைய பிணைப்பு உடையும், புதுப் பிணைப்பு உருவாகும். பிணைப்புன்னா ரெண்டு அணுக்கள் பங்கு போட்டுக்கிற ரெண்டு எலக்ட்ரான். வினை நடக்கும்போது அந்த எலக்ட்ரான்கள் எங்கிருந்து எங்க போகுதுன்னு காட்டத்தான் வளைஞ்ச அம்பு. அணு நகர்றதை அது காட்டாது. எலக்ட்ரான் நகர்றதை மட்டும்தான் காட்டும். இந்த ஒரு வரியைப் புரிய வைக்காமலே ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ ரெண்டையும் முடிச்சு அனுப்பிடுறோம்.

5/
இன்னும் எளிமையா சொல்றேன். அம்புங்கிறது மொய். யார் கொடுக்குறாங்களோ அங்க ஆரம்பிக்கும், யார் வாங்குறாங்களோ அங்க முடியும். ஹெச் பிளஸ்கிட்ட ஒரு எலக்ட்ரான்கூட கிடையாது. சுத்தமா காலி. பையில பைசா இல்லாதவன் பேர்ல மொய் எழுத முடியுமா? ஆக்சிஜன்கிட்டதான் யாருக்கும் கொடுக்காத ரெண்டு ஜோடி எலக்ட்ரான் சும்மா இருக்கு. அதனால அம்பு ஆக்சிஜன்ல ஆரம்பிச்சு ஹெச் பிளஸ்ல முடியணும். இதைச் சொன்னதும் அந்தப் பொண்ணு "ஓ!"ன்னா. ரெண்டு வருஷ கோச்சிங்ல வராத "ஓ!" அது.

6/
கொடுக்கிறவருக்கு நம்ம தமிழ்ப் பாடப்புத்தகத்துல பேர் கருக்கவர் பொருள். வாங்குறவர் எலக்ட்ரான் கவர் பொருள். அம்புக்கு ரெண்டு பக்கமும் கொக்கி இருந்தா ரெண்டு எலக்ட்ரான் நகருதுன்னு அர்த்தம். தூண்டில் முள் மாதிரி ஒத்தைக் கொக்கின்னா ஒரே ஒரு எலக்ட்ரான். மொத்த இலக்கணமும் கிட்டத்தட்ட இவ்வளவுதான். ஒரு பீரியட்ல சொல்லிடலாம்.

7/
ஒரு உதாரணம். மீத்தைல் புரோமைடு கூட ஹைட்ராக்சைடு சேர்ந்தா மெத்தனால் வரும். மனப்பாடம் பண்றவங்களுக்கு இது ஒரு வரி. அம்பு போடுறவங்களுக்கு ரெண்டு அம்பு. முதல் அம்பு ஹைட்ராக்சைடோட ஆக்சிஜன்ல கிளம்பி கார்பனுக்குப் போகுது. ரெண்டாவது, கார்பனுக்கும் புரோமினுக்கும் நடுவுல இருக்கிற பிணைப்புல கிளம்பி புரோமின்ல முடியுது. ரெண்டாவது அம்பை மறந்துட்டா என்ன ஆகும்? கார்பனுக்கு அஞ்சு பிணைப்பு ஆயிடும். கார்பனுக்கு இருக்கிறது நாலு கைதான். அஞ்சாவது ஆள் கை கொடுக்கணும்னா, ஏற்கெனவே பிடிச்சிருந்த ஒருத்தர் கையை விட்டே ஆகணும்.

8/
பாருங்க, இங்க மனப்பாடமே இல்ல. கணக்குதான் இருக்கு. இடது பக்கம் மொத்த மின்சுமை மைனஸ் ஒண்ணு, வலது பக்கமும் மைனஸ் ஒண்ணு வரணும். வரலைன்னா எங்கயோ தப்பு. அந்தத் தப்பை வாத்தியார் வந்து சொல்ல வேண்டியதில்ல, பிள்ளையே கண்டுபிடிச்சிடும். தான் எழுதினது சரியா தப்பான்னு தானே பார்த்துக்கிற வசதி மனப்பாடத்துல கிடையாது. மறந்தா மறந்ததுதான்.

9/
இப்ப என் கதை. நான் படிச்ச காலத்துல மெடிக்கல் சீட்டுக்கு நீட் கிடையாது, ப்ளஸ் டூ மார்க்தான். வேதியியல்ல 200க்கு 196. கானிசாரோ வினையோட வினைவழிமுறையைத் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் போடுவேன். அஞ்சு மார்க் கேள்வி. ஆனா நான் போட்டது கோலம். எந்தப் புள்ளிக்கு அப்புறம் எந்தக் கோடுன்னு கை பழகியிருந்தது. ஹைட்ராக்சைடு ஏன் அந்தக் கார்பனைத் தேடிப் போகுதுன்னு யாராவது கேட்டிருந்தா முழிச்சிருப்பேன். நல்ல வேளை, யாரும் கேக்கல. அதுதான் பிரச்சினையும்.

10/
அதனால இதை நீட் ஆதரவு, நீட் எதிர்ப்புன்னு இழுத்துட்டுப் போயிடாதீங்க. அது வேற சண்டை, அதுல எனக்குக் கருத்து இருக்கு, இன்னொரு நாள் பேசலாம். எங்க காலத்துல ப்ளூபிரிண்ட் பார்த்து, புக் பேக் கேள்வி பார்த்து அம்பை நெட்டுரு பண்ணோம். இப்ப ஓஎம்ஆர் ஷீட் பார்த்து அம்பையே தூக்கிப் போட்டுட்டாங்க. பரீட்சை மாறிச்சு, வியாதி மாறல.

11/
ஹவுஸ் சர்ஜனா இருந்தப்ப மெடிசின் வார்டு. பருத்திக்கு மருந்து அடிச்ச ஒருத்தரைக் கொண்டு வந்தாங்க. முகமூடி இல்ல, கையுறை இல்ல, டேங்க் ஒழுகி முதுகெல்லாம் நனைஞ்சிருக்கு. முதல் நாள் வாந்தி, மயக்கம். வெயில்ல நின்னதுன்னு நினைச்சு ஊர்ல குளுக்கோஸ் ஏத்தி வீட்ல படுக்க வச்சிருக்காங்க. எங்ககிட்ட வரும்போது மூச்சு வாங்க முடியல. கண் பாவை குண்டூசி முனை அளவு. வாயில நுரை. பார்த்த உடனே தெரிஞ்சது, ஆர்கனோபாஸ்பேட்.

12/
அட்ரோபின் போச்சு. வென்டிலேட்டர் போட்டாச்சு. பிரலிடாக்சைமும் போச்சு. ரவுண்ட்ஸ்ல சீஃப் என்னைப் பார்த்து, "என்னம்மா, லேட்டா வந்த கேஸ்ல இந்த மருந்து ஏன் சரியா வேலை செய்யாது?"ன்னு கேட்டார். டக்குனு சொன்னேன், "ஏஜிங் சார்." "குட்"னு தலையாட்டிட்டு அடுத்த பெட்டுக்குப் போயிட்டார். அவரும் மேல கேக்கல, நானும் சொல்லல. எனக்கு அந்த வார்த்தைதான் தெரியும், அர்த்தம் தெரியாது.

13/
சில நாள் கழிச்சு அவர் இறந்துட்டார். பாடி வாங்க வந்தப்ப அவரோட சம்சாரம் கேட்டாங்க: "அந்த ஊசி அங்க இல்லன்னுதானே இங்க தூக்கிட்டு வந்தோம். இங்க இருந்தும் ஏம்மா கேக்கல?" "லேட்டாயிடுச்சும்மா"ன்னு சொன்னேன். "லேட்டானா மருந்து மருந்தில்லையா?"ன்னு திருப்பிக் கேட்டாங்க. நியாயமான கேள்வி. என்கிட்ட பதில் இல்ல. "ஏஜிங்"னு அவங்ககிட்ட சொல்ல முடியுமா?

14/
ஒண்ணைத் தெளிவா சொல்லிடுறேன். அம்பு தெரிஞ்சிருந்தா அவரைக் காப்பாத்தியிருப்பேன்னு நான் சொல்லல. பிரலிடாக்சைமால எவ்வளவு பலன்ங்கிறதுலயே ஆய்வுகள் ஒத்துப்போகல. நான் சொல்றது வேற. நான் கொடுக்கிற மருந்து என்ன செய்யுது, எப்போ செய்யாதுன்னு எனக்கே புரியாம ஒரு வார்த்தையை ஒப்பிச்சேன். அந்தப் பழக்கம் காலேஜ்ல வரல. ப்ளஸ் டூ வேதியியல் வகுப்புல வந்தது.

15/
அன்னைக்கு ராத்திரி ரூமுக்குப் போய்ப் பேப்பர் எடுத்து அம்பு போட்டுப் பார்த்தேன். உங்களுக்கும் சொல்றேன். நம்ம நரம்பும் தசையும் பேசிக்கிறது அசிட்டைல்கோலின்ங்கிற பொருளால. பேசி முடிச்சதும் அதை உடைக்கணும், இல்லன்னா சுவிட்ச் ஆன்லயே நிக்கும். உடைக்கிற என்சைம் அசிட்டைல்கோலின்எஸ்டரேஸ். அதுக்குள்ள செரின்னு ஒரு அமினோ அமிலம், அதுல ஒரு ஆக்சிஜன். அந்த ஆக்சிஜன்தான் கொடுக்கிறவர்.

16/
செரின் ஆக்சிஜன்ல இருந்து ஒரு அம்பு கிளம்பி, அசிட்டைல்கோலினோட கார்பனைத் தாக்குது. கோலின் கழண்டு ஓடிடுது. அசிட்டைல் மட்டும் செரின்ல ஒட்டியிருக்கு. உடனே ஒரு தண்ணி மூலக்கூறு வந்து அடுத்த அம்பைப் போட்டு அதையும் கழட்டி விடுது. என்சைம் திரும்ப ரெடி. இப்படி ஒரே ஒரு என்சைம் செகண்டுக்கு ஆயிரக்கணக்கான தடவை வேலை பார்க்குது.

17/
பூச்சி மருந்துல கார்பனுக்குப் பதிலா பாஸ்பரஸ். அதே செரின், அதே அம்பு, போய்த் தாக்குறது மட்டும் பாஸ்பரஸை. ஒட்டிக்குது. இப்ப தண்ணி வந்து கழட்டப் பார்க்குது, முடியல. ரொம்ப ரொம்ப மெதுவாத்தான் நடக்குது. என்சைம் முடங்கிடுச்சு. அசிட்டைல்கோலின் குவிஞ்சுக்கிட்டே போகுது. வாயில நுரை, சுருங்கின கண் பாவை, நின்னு போற மூச்சு எல்லாம் அதனாலதான்.

18/
பிரலிடாக்சைம் என்ன பண்ணுது? தண்ணியைவிடப் பலமா தாக்குற ஒரு ஆக்சிஜனை அது கொண்டு வருது. அந்த ஆக்சிஜன்ல இருந்து பாஸ்பரஸுக்கு ஒரு அம்பு. பாஸ்பரஸ்–செரின் பிணைப்புல இருந்து செரினுக்கு இன்னொரு அம்பு. பாஸ்பரஸைக் கவ்விக்கிட்டு வெளிய வந்துடும். என்சைம் மீண்டுடும். மீத்தைல் புரோமைடுல பார்த்த அதே ரெண்டு அம்புக் கணக்குதான். ஒருத்தர் கை கொடுக்க, ஒருத்தர் கை விட.

19/
அப்போ லேட்டானா ஏன் வேலை செய்யாது? பாஸ்பரஸ் மேல ஆக்சிஜன் வழியா ஒட்டியிருக்கிற மீத்தைல் அல்லது எத்தைல் தொகுதி, நேரம் போகப் போக உதிர்ந்துடும். உதிரும்போது அந்தப் பிணைப்போட ரெண்டு எலக்ட்ரானும் ஆக்சிஜன் மேலயே தங்கிடும். அந்த ஆக்சிஜனுக்கு மைனஸ். இப்ப பாஸ்பரஸுக்கு எலக்ட்ரான் பசி அடங்கிடுச்சு. மைனஸ் சுமந்துக்கிட்டு வர்ற பிரலிடாக்சைம் ஆக்சிஜனை அது கிட்டயே சேர்க்காது. கொடுக்க ஆள் இருக்கு, வாங்க ஆள் இல்ல. ஏஜிங்னா இதுதான்.

20/
ரெண்டு மீத்தைல் உள்ள வகையில இது சில மணி நேரத்துலயே நடக்க ஆரம்பிச்சிடும். ரெண்டு எத்தைல் உள்ள வகையில ஒரு நாளுக்கு மேல அவகாசம் இருக்கும். அந்த அம்மா கேட்ட "லேட்டானா மருந்து மருந்தில்லையா?"க்குப் பதில் இதுதான்: "பூட்டு இறுகிடுச்சும்மா. இந்தச் சாவி இறுகாத பூட்டுக்குத்தான்." இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாம். அவங்க துக்கம் குறைஞ்சிருக்காது. ஆனா நாம ஏதோ மறைக்கிறோம்னு நினைச்சுக்கிட்டே ஊருக்குப் போயிருக்க மாட்டாங்க.

21/
இதைப் படிக்கிற விவசாயக் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. மருந்து அடிச்சிட்டு வந்தவங்களுக்கு வாந்தி, வியர்வை, எச்சில் ஊறுறது, கண் மங்கல், மூச்சுத் திணறல் இருந்தா அது வெயில்னு முடிவு பண்ணாதீங்க. நனைஞ்ச துணியைக் கழட்டி, உடம்பை சோப்பு போட்டுக் கழுவி, மருந்து டப்பாவையோ லேபிளையோ எடுத்துக்கிட்டு உடனே 108ஐக் கூப்பிடுங்க. டப்பா ஏன் கேக்குறோம்னு இப்ப புரிஞ்சிருக்கும்.

22/
செரின் கதை இதோட முடியல. மாரடைப்பு வந்தவங்களுக்கு ஆஸ்பிரின் கொடுக்கிறோம்ல? தட்டணுவுக்குள்ள இருக்கிற காக்ஸ்ங்கிற என்சைம்லயும் ஒரு செரின். அதோட ஆக்சிஜன் ஆஸ்பிரினோட அசிட்டைல் கார்பனைத் தாக்கி, அசிட்டைலைத் தன் மேல ஒட்ட வச்சுக்குது. என்சைமுக்குப் பூட்டு. தட்டணுவுக்கு உட்கரு கிடையாது, புது என்சைம் செஞ்சுக்க முடியாது. அது சாகிற வரைக்கும், அதாவது 7 முதல் 10 நாள், பூட்டு பூட்டுதான். சில ஆபரேஷனுக்குப் பல நாள் முன்னாடியே ஆஸ்பிரினை நிறுத்தச் சொல்றது இதனாலதான். (நீங்களா நிறுத்தாதீங்க. டாக்டர் சொன்னா மட்டும்.)

23/
பென்சிலின்? பாக்டீரியா தன்னைச் சுத்திச் சுவர் கட்ட ஒரு என்சைம் வச்சிருக்கு. அதுலயும் செரின். பென்சிலினுக்குள்ள நாலு மூலை வளையம் ஒண்ணு இருக்கு, வளைச்சுக் கட்டின மூங்கில் மாதிரி எப்ப வேணா தெறிக்கத் தயாரா. செரின் அதைத் தாக்கினதும் வளையம் தெறிச்சுத் திறந்து என்சைம் மேலயே ஒட்டிக்குது. சுவர் கட்ட ஆள் இல்லாம பாக்டீரியா உடையுது.

24/
மருந்துக்கு அடங்காத பல பாக்டீரியா என்ன பண்ணுது? பீட்டா லாக்டமேஸ்னு ஒரு என்சைமை வச்சிருக்கு. அதுல ஒரு பெரிய வகை, அதே செரினை வச்சே பென்சிலினைத் தாக்குது. ஆனா பக்கத்துலயே ஒரு தண்ணி மூலக்கூறைத் தயாரா நிக்க வச்சிருக்கு. அது உடனே அடுத்த அம்பைப் போட்டுக் கழட்டி விட்டுடுது. மருந்து காலி, என்சைம் அடுத்த மருந்துக்கு ரெடி. ஒட்டிக்கிட்டு நிக்கிறதுக்கும் கழண்டு போறதுக்கும் நடுவுல இருக்கிற அந்த ஒரு அம்புதான் உங்க உயிருக்கும் சாவுக்கும் நடுவுல. அதனால சாதாரணச் சளிக்கு ஆன்டிபயாடிக் எழுதச் சொல்லி எங்ககூட மல்லுக்கு நிக்காதீங்க.

25/
பூச்சி மருந்து, ஆஸ்பிரின், பென்சிலின், ரெசிஸ்டன்ஸ். மனப்பாடம் பண்ணா நாலு வெவ்வேறு பாடம், நாலு தனித்தனி மறதி. அம்பு புரிஞ்சா ஒரே கதை: செரின் தாக்குது, ஒட்டினது கழண்டுச்சா இல்லையா? பாராசிட்டமால் அளவு மீறினா கல்லீரல் கெடுறதும் இதே குடும்பம்தான். அதுல உருவாகிற நாப்கிங்கிற பொருள் எலக்ட்ரானுக்கு அலையும். கொடுக்க குளுட்டாதயோனோட கந்தகம் இருக்கிற வரைக்கும் பிரச்சினை இல்ல. அது தீர்ந்துட்டா கல்லீரல் புரதத்துலயே கை வைக்கும். நாம கொடுக்கிற அசிட்டைல்சிஸ்டீன், தீர்ந்த குளுட்டாதயோனைத் திரும்ப நிரப்புறதுக்குத்தான்.

26/
இப்ப எதிர்வாதங்களுக்கு வரேன். முதல் வாதம்: "டாக்டருக்கு எதுக்கு ஆர்கானிக்? வார்டுல அம்பா போடப் போறீங்க?" உண்மைதான். நோயாளி பக்கத்துல நின்னு நான் அம்பு போட்டதே இல்ல. அப்படி தேவையில்லன்னா தேர்வுல 180 கேள்வியில 45 வேதியியல் எதுக்கு? தூக்கிடுங்க, நான் கையெழுத்துப் போடுறேன். வச்சிருக்கீங்கன்னா ஒரே காரணம்தான் இருக்க முடியும்: காரண காரியமா யோசிக்கிற ஆளைத் தேர்ந்தெடுக்கிறது. அந்த யோசனையை எடுத்துட்டு சக்கையை மட்டும் ஏன் பிள்ளைகளுக்கு ஊட்டுறீங்க?

27/
ரெண்டாவது வாதம்: "எலக்ட்ரான் அம்பு போட்ட பாதையிலயா ஓடுது? அது வெறும் கற்பனைதானே?" ஆமா. எலக்ட்ரான் அப்படி வளைஞ்சு வளைஞ்சு ஓடுறதில்ல. அம்பு ஒரு கணக்குப் புத்தகம். மொய் நோட்டும்தான் கல்யாணம் இல்ல. ஆனா யார் யாருக்கு என்ன செஞ்சாங்கன்னு அதுலதான் தெரியும். இந்தக் கணக்குப் புத்தகத்தை வச்சு, நூறு வருஷமா புது மருந்து வரைக்கும் யோசிச்சுக்கிட்டு இருக்காங்க. வெறும் கற்பனைன்னா இவ்வளவு காலம் தாங்குமா?

28/
மூணாவது, எல்லாரும் சொல்றது: "எம்சிக்யூவுக்கு மெக்கானிசம் தேவையில்ல." பொய். குளோரோபென்சீனைப் பீனாலா மாத்த 623 கெல்வின், 300 அட்மாஸ்பியர். பாரா நைட்ரோ இருந்தா 443 கெல்வின். ரெண்டு நைட்ரோன்னா 368. மூணுன்னா வெதுவெதுப்பான தண்ணியே போதும். பிள்ளைங்க இந்த எண்களை போன் நம்பர் மாதிரி உருப் போடுறாங்க. அம்பு போட்டுப் பாருங்க. ஹைட்ராக்சைடு தாக்கினதும் வளையத்துக்கு வர்ற கூடுதல் எலக்ட்ரானுக்கு உட்கார இடம் வேணும். ஆர்த்தோ, பாராவுல நைட்ரோ இருந்தா அம்பு நடந்து நடந்து நைட்ரோவோட ஆக்சிஜன் வரைக்கும் போயிடும். மெட்டாவுல இருந்தா போய்ச் சேராது. இனி எந்த வரிசையைக் கேட்டாலும் பிள்ளை தானே எழுதும்.

29/
நாலாவது வாதம்தான் எனக்கு அதிகமா வலிக்குது: "கவர்மென்ட் ஸ்கூல் பிள்ளைங்களுக்கு இதெல்லாம் ஏறாது, மனப்பாடமாவது பண்ணட்டும்." நான் தமிழ் மீடியம். காலேஜ்ல முதல் வருஷம் நியூக்ளியோபைல்னு கேட்டப்ப அது கருக்கவர் பொருள்தான்னு புரியவே ஒரு வாரம் ஆச்சு. படிச்ச வார்த்தை எல்லாம் ஒரே நாள்ல செல்லாக்காசு ஆச்சு. அம்பு புரிஞ்சிருந்தா அது மட்டும் மாறியிருக்காது. அம்புக்கு மீடியம் கிடையாது. தமிழ்லயும் ஆக்சிஜன்ல இருந்துதான் கிளம்பும், இங்கிலீஷ்லயும் அங்கிருந்துதான். வசதியில்லாத பிள்ளைக்குக் கொண்டு போக ஏதாவது ஒண்ணு கொடுக்கணும்னா இதைத்தான் கொடுக்கணும். அதையே பிடுங்கிட்டு ஏறாதுன்னு சொல்றது அநியாயம்.

30/
ஒரு சின்ன வரலாறு. இந்த வளைஞ்ச அம்பு 1922ல கெர்மாக், ராபின்சன்னு ரெண்டு பேர் எழுதின கட்டுரையில வருது. ராபின்சனுக்கு 1947ல நோபல் பரிசு கிடைச்சது, அவர் பேர் எல்லாருக்கும் தெரியும். கெர்மாக்? 1924ல ஆய்வகத்துல நடந்த விபத்துல ரெண்டு கண்ணும் போச்சு. வயசு 26. அதோட அவர் நிறுத்தல. 1927ல மெக்கென்ட்ரிக்னு, இந்திய மருத்துவப் பணியில இருந்த ஒரு டாக்டரோட சேர்ந்து, தொற்றுநோய் எப்படிப் பரவும்னு ஒரு கணக்கு போட்டார். அதைச் சோதிக்க எடுத்த உதாரணம் பம்பாய் பிளேக் சாவுக் கணக்கு.

31/
கொரோனா சமயத்துல டிவியில தினமும் ஏறி இறங்கின வளைகோடுகளுக்கு அடிப்படை அந்த 1927 கணக்குதான். எலக்ட்ரான் யார்கிட்ட இருந்து யார்கிட்ட போகுதுன்னு கேட்டவர், அப்புறம் நோய் யார்கிட்ட இருந்து யார்கிட்ட போகுதுன்னு கேட்டார். எங்கிருந்து, எங்க, எவ்வளவுன்னு கேக்குற பழக்கம் ஒரு பாடத்துக்குள்ள அடங்காது. மனப்பாடம் பண்ணது பரீட்சை ஹாலோட முடிஞ்சிடும்.

32/
வாத்தியார்களைக் குறை சொல்லிட்டு நழுவப் போறதில்ல. ஒரு வகுப்புல அறுபது பிள்ளை, முடிக்க வேண்டிய போர்ஷன், ரிசல்ட் கேட்டு மேலிருந்து அழுத்தம். எங்க ஓபி வரிசையும் அப்படித்தான், எனக்குப் புரியுது. அதனால பெருசா ஒண்ணும் கேக்கல, மூணே மூணு கேக்குறேன். ஒண்ணு: ப்ளஸ் ஒன்ல கரிம வேதியியல் தொடங்கும்போது, எந்த வினையும் நடத்தாம ஒரு வாரம் அம்பு மட்டும் சொல்லிக் கொடுங்க. ரெண்டு: விடைத்தாள்ல அம்புக்குத் தனி மார்க் வைங்க. விளைபொருள் சரி, அம்பு தப்புன்னா முழு மார்க் போடாதீங்க.

33/
மூணு: புத்தகத்துல இல்லாத வினை ஒண்ணை வருஷத்துக்கு ஒரு தடவையாவது கேளுங்க. "இதுல யார் கொடுப்பாங்க, யார் வாங்குவாங்க? முதல் அம்பை மட்டும் போடு." தப்பா போட்டாலும் பரவாயில்ல. யோசிச்சுத் தப்பு பண்ற பிள்ளையைத் திருத்த முடியும். யோசிக்காம சரியா எழுதுற பிள்ளை என்னை மாதிரி வார்டுல வந்து மாட்டும்.

34/
கோச்சிங் நடத்துறவங்களுக்கு: வீட்டு நகையை அடகு வச்சு உங்ககிட்ட பணம் கட்டுறாங்க. "கேக்க மாட்டாங்க"ன்னு நீங்க ஒரு பாடத்தைத் தள்ளும்போது உங்க நேரம் மிச்சமாகுது, பிள்ளையோட வருஷம் போகுது. பெத்தவங்களுக்கு: நோட்டை எடுத்து ஏதாவது ஒரு அம்பைக் காட்டி "இது எங்கிருந்து கிளம்புது, ஏன்?"னு கேளுங்க. உங்களுக்கு வேதியியல் தெரிய வேண்டாம். பதில் சொல்லும்போது பிள்ளை முகத்தைப் பாருங்க, தெரிஞ்சிடும்.

35/
நீட் எழுதப் போற தம்பி தங்கச்சிகளுக்கு, ஒரு அம்பு போட்டதும் நாலு கேள்வி. எலக்ட்ரான் இருக்கிற இடத்துல ஆரம்பிச்சேனா? எந்தக் கார்பனுக்காவது அஞ்சு பிணைப்பு வந்துச்சா? ரெண்டு பக்கமும் மின்சுமை சமமா? அமிலத்துல நடக்கிற வினையில ஹைட்ராக்சைடு அயனியை நடமாட விட்டேனா? நாலுக்கும் சரியா பதில் வந்தா பாதித் தப்பு காணாமப் போயிடும். கையால போடுங்க. வீடியோவைப் பார்த்து "புரிஞ்சிடுச்சு"ன்னு சொல்றது புரிஞ்சதாகாது.

36/
அந்தப் பொண்ணு? ரெண்டு மணிக்கு ஒரு பிரசவ கேஸ் வந்துச்சு, நான் போயிட்டேன். விடியக்காலை திரும்பி வந்தா, அம்மாவோட பெஞ்சுல சாஞ்சு தூங்கிக்கிட்டு இருந்தா. நோட்டு திறந்தே இருந்தது. எத்தனாலுக்கு மறுபடியும் அம்பு போட்டிருந்தா. இந்தத் தடவை ஆக்சிஜன்ல இருந்து. பக்கத்துல பென்சில்ல ஒரு கேள்வி: "தண்ணியா மாத்தித்தான் வெளிய அனுப்பணுமா? ஓஹெச்சாவே ஏன் போகாது?"

37/
சரியான கேள்வி. எந்தக் கோச்சிங் மெட்டீரியல்லயும் இருந்து காப்பி அடிச்சது இல்ல, அவளோடது. அவளுக்குச் சீட் கிடைக்குமான்னு எனக்குத் தெரியாது. ஆனா கிடைச்சு, ஒரு நாள் ஏதோ ஒரு வார்டுல ஒரு அம்மா "ஏன் கேக்கல?"ன்னு கேட்டா, ஒரு வார்த்தையை ஒப்பிச்சிட்டு அடுத்த பெட்டுக்கு நகர மாட்டா.

வேதியியல் ஆசிரியர்கள் யாராவது இதைப் படிச்சு எங்கயாவது தப்பு இருந்தா கீழ சொல்லுங்க, திருத்திக்கிறேன். டூட்டிக்கு நேரமாச்சு.